வெயிலை நம்பலாமா?

நம்மவரிடையே ஒரு நூதனமான வழக்கம் உண்டு. பங்குனி, சித்திரை வெயில் ஏறினால் அம்மை வரும் என்போம். அதே வெயில் ஏறினால் தடிமனும் காய்ச்சலும் ஓடிவிடும் என்றும் சொல்வோம். அம்மையும் வைரஸினால் வருவது. சளிக்காய்ச்சலும் வைரஸினால் வருவது. ஒரே வெயில் ஒன்றை அழைத்து வருகிறது, மற்றதை விரட்டியடிக்கிறது என்று ஒரே வாயால் உரைக்க நாம் கூசுவதில்லை.

2020ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் இந்தப் பேச்சு கண்டியில் எங்கும் அடிபட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜனவரி 27ஆம் திகதி, இலங்கைக்கு உல்லாசப் பயணம் வந்த ஒரு சீன மாதிடம் கொரோனா கண்டுபிடிக்கப்பட்டது. மார்ச் 11இல் இலங்கையர் ஒருவருக்கும் உள்ளூரிலேயே தொற்றியது. "இது குளிர் தேசத்து வியாதி, நம் சீதோஷ்ணத்தில் பிழைக்காது" என்று மணிக்கூட்டுக் கோபுரத்தடித் தேநீர்க் கடைகளில் தீர்ப்பு வழங்கப்பட்டது. தீர்ப்பு வழங்கியவர்களைப் பழித்துப் பயனில்லை. அமெரிக்க ஜனாதிபதியே அந்தப் பெப்ரவரியில், ஏப்ரல் மாதத்துச் சூடு வந்தால் நோய் போய்விடும் என்று பேசினார்.

நம்பிக்கைக்கு ஆதாரம் அறவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. மேனாடுகளில் இன்புளுவென்சா குளிர்காலத்தில் பரவிக் கோடையில் அடங்குவது ஆண்டுதோறும் காணும் காட்சி. குளிர்ந்து வறண்ட காற்றில் அவ்வைரஸ் அதிக நேரம் உயிர்ப்புடன் இருக்கிறது. கொரோனா வைரஸோ கொழுப்பாலான மெல்லிய உறை ஒன்றைப் போர்த்திருப்பது. சூட்டில் அவ்வுறை சிதையும். உச்சிவெயில் நேரே பட்டால் சில நிமிஷங்களிலேயே அதன் வீரியம் பெரும்பாலும் அழிந்துபோவதைப் பரிசோதனைசாலைகளில் கண்டிருக்கிறார்கள். 2003இல் வந்த சார்ஸ் நோய் ஜூலை மாதத்தில் மறைந்ததும் பலரை ஏமாற்றிவிட்டது. அதை ஒழித்தது கோடை அன்று. நோயாளரைத் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்திய கெடுபிடியே ஒழித்தது.

ஆனால் கண்டிக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? இங்கே மாத சராசரி வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 23 பாகைக்கும் 26 பாகைக்கும் இடையிலேயே நிற்கிறது. குளிர்காலமே இல்லாத ஊரில் கோடை வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பது, ஓடாத ஆற்றில் வெள்ளம் வடியட்டும் என்று கரையில் குந்தியிருப்பதைப் போன்றது. நோயும் நமக்கு அதைப் பலமுறை உணர்த்தியிருக்கிறது. 1918ஆம் ஆண்டின் விஷக் காய்ச்சல் இலங்கையில் ஏறத்தாழ மூன்று இலட்சம் உயிர்களைக் கொண்டுபோனதாகப் பிற்கால ஆய்வாளர் மதிப்பிட்டிருக்கிறார்கள். உஷ்ண தேசமான இந்தியாவில் மாண்டோர் கோடிக்கு மேல். அன்றைய வெயிலில் குறை ஒன்றும் இருக்கவில்லை.

கொரோனாக் காலத்துக்கு வருவோம். 2020 மே மாதம், கத்தரி வெயில் கொளுத்திய சென்னையில், கோயம்பேடு சந்தையிலிருந்துதான் நோய் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கெல்லாம் மரக்கறியோடு பயணம் செய்தது. பூமத்திய ரேகைக்கு அருகே, அமேசன் காட்டின் நடுவே வெந்து புழுங்கும் மனாஸ் நகரில் குழிகளை வரிசையாக வெட்டிப் பிணங்களைப் புதைத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கண்டியில் வெப்பம் மிகுந்த மாதம் ஏப்ரல். 2021 ஏப்ரல் நடுவில் இலங்கை முழுவதிலும் கொரோனாவால் இறந்தோர் தொகை அறுநூறு அளவில்தான் இருந்தது. சித்திரைப் புத்தாண்டுக்குக் கடைகளில் நெருக்கியடித்தோம், பஸ்களில் தொங்கினோம், உறவினர் வீடுகளில் கூடி உண்டோம். வேகமாய்ப் பரவும் புதுவகை வைரஸும் அச்சமயம் வந்து சேர்ந்தது. ஆண்டு முடியும்போது இறந்தோர் தொகை பதினையாயிரத்தை எட்டிக்கொண்டிருந்தது. தடுப்பூசி பரவலாய்ப் போடப்பட்ட பிறகே மூச்சு விட்டோம்.

எவருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத புது நோய்க்குமுன் பருவகாலத்தின் சிறு உதவி கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடுகிறது என்பது விஞ்ஞானிகள் கண்ட முடிவு. இன்னொரு காரணமும் உண்டு. அதை எமக்கு உணர்த்தியவர் விஞ்ஞானி அல்லர், மஹய்யாவவில் வாழும் ஒரு மூதாட்டி.

கட்டுகஸ்தோட்டை வீதியில், நகரின் எல்லையை ஒட்டியிருக்கும் மஹய்யாவவை நேயர்களிற் பலர் பஸ்ஸில் இருந்தபடியே பார்த்திருப்பார்கள். கண்டி நகரைத் துப்புரவு செய்வதற்கென வெள்ளையர் ஆட்சியில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கே நெருங்கி வாழ்கிறார்கள். ஊரடங்குச் சட்டத்தில் நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தபோதும் நகரின் குப்பை அள்ளப்பட்டது. அள்ளிய கைகள் யாருடையவை என்று அப்போது எத்தனை பேர் விசாரித்தோம்?

அண்மையில் ஓர் அன்பரைக் காண அங்கே போயிருந்தோம். மழை சற்று ஓய்ந்து வெயில் எறித்த முற்பகல். மூதாட்டி ஒருவர் நடைபாதைக் கொடியில் கம்பளியை விரித்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகள் இருவருக்கும் காய்ச்சலாம். மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்திருக்கிறார், ஆஸ்பத்திரிக்கும் காட்டியாயிற்று. வெயிலில் உலர்த்துவது நல்லது என்று நாம் ஏதோ சொல்லி வைத்தோம்.

"வெயில்ல போட்டா கிருமி செத்துரும்னு அந்தக் கொரோனா நேரத்துலயே சொன்னாங்கய்யா. கம்பளிய வெளிய கொண்டாந்துட்டேன். வெயில வீட்டுக்குள்ள எப்படிங்க கொண்டு போறது?"

அந்தக் கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுவது நடுத்தெருவின் உச்சிவெயிலில் அன்று. ஆறேழு பேர் ஒரே அறையில் படுத்துறங்கும் இராப்பொழுதில், மழைக்காகக் கதவடைத்த வேளையில், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கும்போது அது தாவுகிறது. சிங்கப்பூரிலும் 2020 ஏப்ரலில் இதுவே நிகழ்ந்தது. வெளியே வெயில் காய்ந்தது. நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலரும் அடங்கிய வெளிநாட்டுத் தொழிலாளர், கட்டிலுக்குக் கட்டில் கையெட்டும் விடுதிகளில், ஆயிரக்கணக்கில் நோயுற்றார்கள். இலங்கையில் இன்புளுவென்சா பெரும்பாலும் மே முதல் ஜூலை வரையும், மீண்டும் நவம்பரை ஒட்டியும் தலைதூக்குகிறது. இரண்டும் மழையோடு வருகின்றன. அவ்வேளைகளில் ஜன்னல் உள்ளவர்களும் அதைச் சாத்திவிடுகிறோம்.

மூதாட்டியின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தோம். பகல் பதினொரு மணிக்கு மின்விளக்கு எரிந்தது. பின்புறச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தால் காற்றாவது வருமே என்றோம்.

"மகனும் அதத்தான் சொன்னான்" என்றார் அவர். "அந்தச் சுவருக்கு அங்கிட்டு அடுத்த வீட்டுக்காரங்க அடுப்படி இருக்குங்கய்யா."