சந்திரனிலிருந்து வந்த மங்கல் படம்

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்றான். "ஸார், சந்திரனில் ஆம்ஸ்ட்ராங் இறங்கிய படம் ஏன் பிசாசு நடமாடுவது போல் இருக்கிறது? நல்ல காமிரா ஒன்று அவர்களுக்குக் கிடைக்கவில்லையா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. மணியடித்து விட்டபடியால் நான் விடை சொல்ல முடியவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். வீட்டில் அவனைப் போன்ற பிள்ளைகள் இருப்பின் படித்துக் காட்டுங்கள்.

1969 ஜூலையில் சந்திரனில் இறங்கிய ஓடத்துக்கு மின்சாரம் தந்தவை பாட்டரிகளே. மூச்சுக் காற்றைச் சுத்தி செய்யவும், கணிப்பொறியை நடத்தவும், திரும்ப மேலே கிளம்பவும் அதே மின்சாரந்தான். ஆகவே காமிரா 7 வாட்டுக்கு மேல் கேட்கலாகாது என்றாயிற்று. இரவில் எரியும் சிறு விளக்கின் செலவு! ஒலிபரப்பும் கருவிக்கு ஏறக்குறைய 20 வாட். அதைக் கொண்டு 3,80,000 கிலோமீட்டருக்கு அப்பால் படம் அனுப்ப வேண்டும். அந்த அலையிலேயே வீரர்களின் பேச்சும் இருதயத் துடிப்பும் வந்தாக வேண்டும். படம் தெளிவாக வந்து துடிப்பு வராமற் போனால் யாருக்கு என்ன லாபம்?

தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நின்று தூரத்து நண்பனைக் கூப்பிட்டிருக்கிறீர்களா? கடகடவென்று பேசினால் ஒன்றும் காதில் விழாது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னால், அதே குரலுக்கு அர்த்தம் விளங்கும். ரேடியோவிலும் அப்படியே. படத்தை வேகமாக அனுப்ப வேண்டுமானால் அலைப்பட்டை அகலமாக வேண்டும். வாசலை அகலத் திறந்தால் இரைச்சலும் அதிகமாக உள்ளே புகும். இரைச்சலை அமுக்கச் சக்தியைக் கூட்டலாம். ஆனால் சக்திக்கு எங்கே போவது?

எனவே பொறியாளர்கள் படத்தைக் குறைத்தார்கள். அமெரிக்காவின் அந்நாளைய டெலிவிஷனில் வினாடிக்கு 30 படங்கள், படத்துக்கு 525 வரிகள். சந்திரக் காமிராவிலோ 10 படங்கள், 320 வரிகள். 5 லட்சம் சைகிள் அகலத்துக்குள் எல்லாம் அடங்கிற்று. அங்கே மிச்சப்படுத்தியதை இங்கே ஈடு செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்னும் ஊரில் 64 மீட்டர் அகலமுள்ள வட்டில் ஒன்று நிற்கிறது. ஒளிபரப்பின் பெரும் பகுதியைப் பிடித்தது அதுதான். குடை போல் விரிக்கக் கூடிய 10 அடி ஆன்டென்னா ஒன்றையும் ஓடத்தில் கொண்டு போயிருந்தார்கள்; பூமியில் பெரிய வட்டில்கள் இருந்ததால் அதை விரிக்கும் சிரமம் வேண்டியிருக்கவில்லை. என்னைக் கேட்டால், இவ்வளவு அழகான பேரம் வேறொன்றில்லை என்பேன்.

அப்படியானால் பிசாசு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பூமியிலிருந்துதான்! 10 படக் கணக்கை வீட்டு டெலிவிஷன்கள் ஏற்கவில்லை. ஆகையால் நிலையத்தில் ஒரு திரையில் படத்தைக் காட்டி, அதை வேறொரு காமிராவினால் மறுபடி பிடித்து உலகத்துக்கு அனுப்பினார்கள். நிலையத்துத் திரையில் தெரிந்தது வீடுகளில் தெரிந்ததைவிட எவ்வளவோ தெளிவு.

அந்த மூலப் படம் காந்த நாடாக்களில் பதிவாகியிருந்தது. பிற்காலத்தில் நெடுநாள் தேடினார்கள். நாடாக்கள் அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்கு உபயோகமாகி விட்டன என்றே 2009இல் நாஸா முடிவு கட்டிற்று.

திங்கட்கிழமை இதை வகுப்பில் சொல்லப் போகிறேன். "ஒரு நாடாவைக் கூடவா எடுத்து வைக்கவில்லை, ஸார்?" என்று அந்தப் பையன் கேட்காமல் விடமாட்டான்.