கணிப்பொறியின் பிழையா, நம் பிழையா?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

எங்களுள் ஒருத்தியின் சித்தப்பா சென்ற கோடை விடுமுறையில் முதன்முறையாக நெய்வேலிக்கு வந்திருந்தார். சுரங்கத்தைக் காட்ட அழைத்துச் சென்றோம். அவர் நிலக்கரியைப் பார்க்கவே இல்லை. பெரிய பெரிய குழாய்களிலிருந்து கொட்டிக்கொண்டிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏம்மா, எங்கோ குழாய் உடைந்துவிட்டது போலிருக்கிறதே, ஒருவரும் கவனிக்க மாட்டார்களா?" என்று பதறினார். நாங்கள் சிரித்துவிட்டோம். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்கி எழாமல் இருக்கும் என்பது இங்கே பிறந்து வளர்ந்த சிறு பெண்ணுக்கும் தெரியும். அவர் கண்ணுக்குப் பழுதாகத் தெரிந்ததுதான் சுரங்கமே நிற்பதற்கு ஆதாரமான ஏற்பாடு.

அன்று சிரித்த நாங்களே, மூன்று மாதம் கழித்துச் சித்தப்பாவின் இடத்தில் நின்றோம். அந்தக் கதையைச் சொல்வதற்குத்தான் இக்கட்டுரை.

சனிக்கிழமை தோறும் பள்ளிக் கணிப்பொறி அறையில் பைத்தான் மொழி பழகும் ஐந்து பேர் நாங்கள். கொஞ்சம் கைவந்ததும் தலைகால் புரியவில்லை. எங்கள் வகுப்பின் இரண்டு மாதத் தேர்வு மதிப்பெண்களையும் கூட்டிச் சராசரி எடுத்து, முழு எண்ணாக்கி, பட்டியல் போட்டுத் தரும் ஒரு நிரல் எழுதினோம். அச்செடுத்து அறைக் கதவில் ஒட்டியும் விட்டோம். அதில் ஒரு தோழிக்குக் கணக்கில் 34 என்று வந்திருந்தது. தேறுவதற்கு 35 வேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததே. அவள் முதல் தேர்வில் 33, அடுத்ததில் 36. சராசரி முப்பத்து நான்கரை. ஆனால் அதே பட்டியலில் முப்பத்து ஐந்தரை எடுத்த இன்னொருத்திக்கு 36 என்று இருந்தது! ஒருத்திக்கு அரையை ஏற்றிக் கொடுத்த கணிப்பொறி, மற்றொருத்தியின் அரையைப் பறித்துக்கொண்டது.

அவள் எங்களிடம் வந்து கேட்டாள். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "கணிப்பொறிக்குத் தப்பு வராது. நீதான் சரியாகக் கூட்டவில்லை" என்றோம். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. கணக்கு நோட்டை எடுத்து நாலு வரி போட்டுப் பார்க்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். மறுவாரம் சனிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. டீச்சரின் கைப்பதிவேட்டில் அவளுக்கு 35 என்றே இருந்தது. அதனால் மதிப்பெண் அட்டைக்கு ஊறு நேரவில்லை. எங்கள் கதவில் மட்டும் பத்து நாள் 34 தொங்கியது.

பிறகுதான் விசாரித்தோம். பைத்தானில் 'ரவுண்ட்' என்ற கட்டளை சரிபாதியில் நிற்கும் எண்ணை எப்போதும் மேலே ஏற்றுவதில்லை. பக்கத்திலுள்ள இரட்டை எண்ணை நோக்கித் தள்ளுகிறது. ஆகவே 34.5 ஆனது 34, 35.5 ஆனது 36. இது யாரோ தூக்கக் கலக்கத்தில் செய்த பிழை அன்று. அரை வந்தபோதெல்லாம் ஏற்றிக்கொண்டே போனால், ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது மொத்தம் உண்மையைவிட வீங்கிவிடும். பாதி ஏறி, பாதி இறங்கினால் ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறையச் சரிக்கட்டும். கணிப்பொறிகள் பின்னம் போடும் முறைக்கு 1985-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஐ.ஈ.ஈ.ஈ. 754 என்னும் தரவிதியும் இதையே வழக்கமான முறையாக வைத்திருக்கிறது. பெருங்கணக்குக்கு மிக நல்ல விதி. முப்பத்து நான்கரை வாங்கிய ஒரு பெண்ணுக்குத்தான் அது பொருந்தாத விதி. பிழை கணிப்பொறியுடையதன்று; அவளுடையதும் அன்று. விதி இன்னதென்று கேட்காமல் எடுத்தாண்ட எங்களுடையது.

அன்றுமுதல் இப்படிப்பட்டவற்றைத் தேடிப் பிடிப்பதே எங்களுக்கு வேலையாகிவிட்டது. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள் போலும்! இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டச் சொன்னால் ஐந்தும் ஐந்தும் 55 என்று வருகிறது. ஏனென்றால் விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் அது எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. எண்ணாக்கு என்று நாம்தான் சொல்லவேண்டும். ஒன்றிலிருந்து பத்து வரை என்றால் ஒன்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு பட்டியலுக்கு இரண்டாவது பெயர் கொடுத்துவிட்டு, 'நகல் எடுத்துவிட்டோம்' என்று நினைத்து அதில் ஒரு வரியை அழித்தால், முதல் பட்டியலிலும் அது காணாமல் போகிறது. வீட்டில் பாப்பா, பள்ளியில் வேறு பெயர் என்று இருக்கிறவள் ஒருத்திதானே? பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்காரிக்கு வராமலா இருக்கும்?

இவையெல்லாம் சொன்னவுடன் புரிந்துவிடும். புரிய நாளெடுத்தது இன்னொன்று. 0.1 உடன் 0.2 ஐக் கூட்டச் சொன்னோம். வந்த விடை 0.30000000000000004. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே பதினைந்து பூச்சியங்கள்! ஐந்தாம் வகுப்புக் குழந்தை சரியாகச் சொல்லும் கணக்கை இத்தனை விலையுள்ள இயந்திரம் தப்பாகச் சொல்கிறதே என்று கைகொட்டிச் சிரித்தோம்.

விடை எங்களுள் ஒருத்தியின் பாட்டியிடம் கிடைத்தது என்றால் நம்புவீர்களா? பாட்டி அரிசி அளக்கும் படியை எண்ணிப் பாருங்கள். படியில் பாதி உரி. உரியில் பாதி உழக்கு. உழக்கில் பாதி ஆழாக்கு. அதாவது அரை, கால், அரைக்கால். பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகிற கணக்கு. இந்த அளவைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு படியில் சரியாகப் பத்தில் ஒரு பங்கை அளந்து கொடு என்றால் பாட்டியால் முடியாது. அரைக்காலையும் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, நெருங்கி நெருங்கிப் போகலாமே தவிரச் சரியாகத் தொட முடியாது. கணிப்பொறியும் இரண்டின் கணக்கிலேயே வாழ்வது. அரையும் காலும் அதற்குக் கற்கண்டு. பத்தில் ஒன்று, நமக்கு மூன்றில் ஒன்றைப் போல, முடிவில்லாமல் நீளும். எங்கோ ஓரிடத்தில் அது நிறுத்தியாகவேண்டும். நிறுத்திய இடத்தின் மிச்சம்தான் அந்தக் கடைசி நான்கு. நம் நாட்டிலும் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு இருந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் நூறு புதுக்காசு வந்தபோது ஓர் அணா ஆறேகால் காசு ஆயிற்று. கடைத்தெருவில் அன்று எத்தனை சண்டையோ!

சிறு மிச்சம்தானே என்று அலட்சியம் வேண்டாம். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், ஏவுகணைகளைத் தடுக்க வைத்திருந்த அமெரிக்கப் பேட்ரியட் கருவி ஒன்று, வந்த ஏவுகணையைத் தவறவிட்டது. அக்கருவியின் கடிகாரம் விநாடியைப் பத்துப் பத்தாக எண்ணியது. பத்தில் ஒன்றை அது 24 இடங்களுக்குள் வெட்டி வைத்திருந்தது. ஏறக்குறைய நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அந்த மிச்சமெல்லாம் சேர்ந்து விநாடியில் மூன்றில் ஒரு பங்காயிற்று. அதற்குள் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்குமேல் கடந்துவிடும். இருபத்தெட்டு வீரர்கள் மாண்டார்கள். கணிப்பொறியின் பின்னக் கணக்கு அன்றும் தன் விதிப்படிதான் நடந்தது. அவ்விதியின் மிச்சம் பெருகும் என்று கருதி உரிய ஏற்பாடு செய்யாததே கேடாயிற்று.

"இதையெல்லாம் முதலிலேயே சொன்னால் பிள்ளைகள் மிரண்டு ஓடிவிடுவார்கள். முதலில் எழுதப் பழகட்டும், பிறகு தானே தெரிந்துகொள்வார்கள்" என்று எங்களுக்குக் கற்பிக்கும் அக்கா சொன்னார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முதல் நாளே இரண்டடிமான எண்முறையை விளக்கினால் நாங்களே ஓடியிருப்போம். ஆனால் எங்கள் தோழி மிரண்டது விளக்கம் கேட்டன்று, விளக்கம் இல்லாததால். தான் கண்டது சரி என்று உறுதியாகத் தெரிந்த ஒருத்தியை, 'பொறிக்குத் தப்பு வராது' என்ற ஒரே வாக்கியத்தால் வாயடைத்துவிட்டோம். முதல் மாதத்திலேயே ரவுண்ட் கட்டளையை நாலு எண்களுக்குப் போட்டுக் காட்டியிருந்தால் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஆகவே அக்கா மன்னிக்கவேண்டும், நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றில் எங்களுக்கு மனத்தாங்கலே உண்டு. 'நெய்வேலி' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து? நெ, ய், வே, லி. நான்கு. நீளம் சொல் என்று பைத்தானிடம் கேட்டால் 8 என்கிறது! கொம்பையும் புள்ளியையும் விசிறியையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. திருப்பி எழுதச் சொன்னால் ஒட்டாத விசிறி ஒன்று முன்னே நிற்க, 'லேவ்யெந' என்று வருகிறது. சொற்களை அகர வரிசைப்படுத்தச் சொன்னால் 'அக்கா' வுக்கு முன்னால் 'அகம்' நிற்கிறது. 'பயிர்' க்கு முன்னால் 'பனி' நிற்கிறது. எந்தத் தமிழ் அகராதியிலும் இப்படி இல்லை. காரணம் கேட்டால் அதற்கும் விதி இருக்கிறது. 1991-இல் வெளிவந்த யூனிகோடு, இந்திய எழுத்துகளுக்கு 1988-இல் அமைந்த இஸ்கி முறையைப் பின்பற்றியது. அம்முறையில் எல்லா இந்திய மொழிக்கும் ஒரே அடுக்கு. அதனால்தான் நம் கடைசி எழுத்தாகிய னகரம் நகரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதுவும் பிழையன்று, ஏற்பாடுதான் என்கிறார்கள். சரி. பைத்தான் தான் எண்ணச் சொன்னதைச் சரியாகவே எண்ணுகிறது. ஆனால் நான்கு என்று எதிர்பார்த்த பெண் அறியாதவள் அல்லள். அவள் ஒன்றாம் வகுப்பில் சரியாகப் படித்தவள். இங்கே திருந்த வேண்டியவள் அவள்தான் என்று சொன்னால் நாங்கள் ஏற்கமாட்டோம். முத்தையா அண்ணாமலை அவர்கள் தமிழிலேயே 'எழில்' என்னும் நிரல்மொழியை உண்டாக்கினார். 'ஓப்பன் தமிழ்' என்னும் இலவச நிரல் தொகுப்பில் தமிழ் எழுத்துகளை எழுத்தாகவே எண்ணும் வழியும் இருக்கிறது. அதை எங்கள் அறையில் ஏற்றிப் பார்த்தோம். நான்கு என்று வந்தது. கைதட்டிவிட்டோம்.

இப்போது கணிப்பொறி அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். 'எதிர்பார்த்தது', 'வந்தது', 'ஏன்' என்று மூன்று கட்டங்கள். எட்டாம் வகுப்புத் தங்கைகள்கூட வந்து எழுதுகிறார்கள். இதுவரை பதினேழு பதிவுகள் சேர்ந்துள்ளன. அவற்றுள் மூன்று உண்மையாகவே நாங்கள் தட்டச்சில் விட்ட பிழைகள். இரண்டுக்கு 'ஏன்' கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

கதவில் ஒட்டிய பட்டியலைக் கிழித்துவிட்டு, அரையை எப்போதும் ஏற்றும்படி வரியை மாற்றி, வேறு பட்டியல் ஒட்டினோம். அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டோம். உடனே சிரித்துவிடவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தாள். 'நெய்வேலி – 4 – 8' என்ற பதிவு நோட்டில் அவள் கையெழுத்தில் இருக்கிறது.