காரில் பாட்டா, இடியா?

பட்டுக்குப் பேர்போன ஊர் ஆரணி. முகூர்த்தப் புடவை எடுக்க வெளியூர்க்காரர்கள் குடும்பத்தோடு காரில் வருகிறார்கள். ஆரணிக்காரர்களும் வேலூர், காஞ்சீபுரம், சென்னை என்று காரில் போகிறார்கள். வழிக்குப் பாட்டு வேண்டாமா? வேண்டும்!

ஆனால், பல கார்களில் கேட்பது பாட்டு அல்ல, இடி! பின்னால் ஒரு பெட்டி "டம் டம்" என்று அதிர்கிறது. பாடுகிறவரின் சொல் மட்டும் காதில் விழுவது இல்லை. இதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு.

நெசவாளிக்கு இது எளிதில் விளங்கும். பாவு தளர்ந்து கிடந்தால், எவ்வளவு ஜரிகை போட்டு என்ன? காருக்குப் பாவு, முன் கதவுதான். அதன் உள்ளே வெறும் தகரம். ஸ்பீக்கர் பாடினால் தகரமும் கூடவே பாடும். தகரத்தின்மேல் அதிர்வை அடக்கும் ரப்பர் பட்டையை ஒட்ட வேண்டும். கதவின் உள்பக்கத்து ஓட்டைகளை அடைக்க வேண்டும். (மழைத் தண்ணீர் வடிய, கதவின் அடியில் துளை இருக்கும். அதை அடைக்கக் கூடாது.) இதைச் செய்தாலே பழைய ஸ்பீக்கர் தெளிவாகக் கேட்கும். சிலருக்கு வேலை அத்துடன் முடிந்துவிடும்.

அப்படியும் குறை இருந்தால், முன் ஸ்பீக்கர்களை மாற்றலாம். குரல் முன்னால் இருந்துதான் வரவேண்டும். கச்சேரியில் பாடகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாராவது உட்காருவார்களா? அடுத்தது ஆம்ப்ளிபயர். "டம் டம்" பெட்டி கடைசி. அதுவும் சிறியது போதும்.

கடையில் "1000 வாட்" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு சிறு கணக்கு. கார் ஓடும்போது பாட்டரி மின்சாரம் சுமார் 14 வோல்ட். பாட்டுப் பெட்டியின் பியூஸ் 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் பெருக்கினால் 140 வாட். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். 1000 வாட் எங்கே இருந்து வரும்? "ஆர்.எம்.எஸ். எத்தனை வாட்?" என்று கேட்கவேண்டும். தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதுதான்.

ஒயரில் மட்டும் சிக்கனம் ஆகாது. ஆம்ப்ளிபயருக்குப் பாட்டரியில் இருந்து தடித்த தனி ஒயர் இழுக்கவேண்டும். பாட்டரியை ஒட்டியே பியூஸ் வைக்கவேண்டும். பியூஸ் இல்லாத ஒயர் உராய்ந்து தகரத்தில் பட்டால், கார் தீப்பிடிக்கும்.

பின் சீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் காது பிஞ்சுக் காது. பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான்! குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

ஆகவே, பணம் கொடுக்கும் முன்பு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டைப் போடச் சொல்லவேண்டும். என்ஜின் ஓடவேண்டும். கண்ணாடி ஏற்றி இருக்கவேண்டும். முன் சீட்டில் இருப்பவருக்குச் சொல் புரிய வேண்டும்; பின்னால் இருக்கும் பாட்டி காதைப் பொத்தக் கூடாது; பின்னால் வரும் லாரியின் ஹாரனும் கேட்கவேண்டும்.