ஊட்டி எட்டவில்லை, மெரினாவில் குவியும் குடும்பங்கள்! அலையில் காத்திருக்கும் ஆபத்து

சென்னை:

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. ஊட்டி, கொடைக்கானல் என்றால் பஸ், ரூம், சாப்பாடு என்று நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. போதாக்குறைக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேறு!

வண்டலூர் உயிரியல் பூங்கா போகலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அது தெரியாமல் புளிசாதப் பொட்டலத்துடன் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்களும் உண்டு, பாவம்!

கடைசியில் மெரினாதான். டிக்கெட் கிடையாது. சுண்டல், பஜ்ஜி, ராட்டினத்தோடு முடிந்துவிடும்.

ஆபத்தும் அங்கேதான். துறைமுகம் கட்டிய பிறகு மணல் சேர்ந்து அகன்ற கரை இது. பார்க்க மைதானம் மாதிரி இருக்கும். தண்ணீரில் நாலடி வைத்தால் சரேலென்று பள்ளம். திரும்பும் அலை காலடி மணலை அரித்து ஆளையே இழுத்துவிடும். நீச்சல் தெரிந்தவனும் தப்புவது கஷ்டம். அதனால்தான் குளிக்கத் தடை.

கேட்பது யார்? போலீசார் விசில் ஊதி விரட்டுகிறார்கள். அவர்கள் தலை மறைந்ததும் பையன்கள் மறுபடி இறங்கிவிடுகிறார்கள். அம்மா பஜ்ஜிக் கடையில். அப்பா செருப்புக்குக் காவல். "முழங்கால் தண்ணிதானே" என்று விட்டுவிடுகிறார்கள்.

கழற்றிப் போட்ட செருப்பை எடுக்க ஆள் வராதபோதுதான் கூச்சல் கிளம்புகிறது.