அரசன்பக்கத் தாக்குதலும் ஆயத்தமும்

சதுரங்கம் வெறும் பொழுதுபோக்கன்றோ, சோதனைக்குப் படிக்கவேண்டிய பிள்ளைக்கு அஃது எதற்கு என்று வினவும் பெற்றோர் பலர். உயர்தர வகுப்பை அடைந்ததும் பலகையை மூடிவைத்துவிடும் மாணவரும் பலர். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதே எமது கருத்து. அதற்கு ஓர் ஆட்டத்தையே சான்றாகக் காட்டுவோம்.

2013ஆம் ஆண்டு சனவரியில் ஒல்லாந்து தேசத்து வைக் ஆன் சே என்னும் ஊரில் நடைபெற்ற போட்டியிலே, அந்நாளில் உலக வெற்றிவீரராயிருந்த விசுவநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களைக் கொண்டு ஆர்மீனியரான லெவொன் அரோனியனை எதிர்த்தாடினார். 13ஆம் நகர்விலே வெள்ளைக் குதிரையொன்று கறுப்பரசனின் காவற் சிப்பாயை வெட்டிற்று. ஆனந்தோ அதனைத் திருப்பி வெட்டாது, தம் குதிரையை எதிரியின் அரசன்பக்கம் பாய்ச்சினார். 16ஆம் நகர்விலே மற்றைக் குதிரையையும் சிப்பாயின் வாயில் நிறுத்தினார். அதனை அச்சிப்பாய் வெட்டியிருப்பின், கறுப்பரசி தன்னையே பலியிட, தன் படையாலேயே நெருக்குண்ட வெள்ளையரசனை எஞ்சிய குதிரை வீழ்த்தியிருக்கும். 23ஆம் நகர்வோடு அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். 1907இல் லொட்ஸ் நகரில் ரொட்லெவியை ரூபின்ஸ்ரைன் வென்ற புகழ்பெற்ற ஆட்டத்தோடு இதனை ஒப்பிட்டுப் பாராட்டினர் அறிஞர்.

பலியைக் கண்டு உலகம் வியந்தது. யாம் வியப்பது 10ஆம் நகர்வையே. அப்பொழுது ஆனந்த் ஒரு மந்திரியை அரசிபக்கத்து நீண்ட மூலைவிட்டத்தில் ஆரவாரமின்றி அமர்த்தினார். இறுதியில் வெள்ளையரசன்முன் நின்ற சிப்பாய் அசையவியலாது கட்டுண்டது அம்மந்திரியினாலன்றோ! தாக்குதலின் வேர் துணிவிலன்று, ஆயத்தத்திலேயே உள்ளது.

இவ்வாட்டத்திற் சில கருத்துக்கள் 2012இல் கெல்ஃபாண்டுடன் ஆடிய உலகப் பட்டப் போட்டிக்காக ஆராயப்பட்டவை என ஆனந்தே கூறியுள்ளார். அங்ஙனமாயின் இது மனனத்தின் வெற்றிதானே எனச் சிலர் கூறலாம். அன்று. எதிரி வழிமாறும்போது மனனஞ் செய்தவன் திகைப்பான். காரணமறிந்தவன் தான் கற்றதை ஏற்றவிடத்தே பொருத்துவான். நன்னூற் சூத்திரத்தைத் தடையின்றி ஒப்புவிக்கும் மாணவன், புதியதொரு சொல்லைப் பிரிக்கச் சொன்னால் வாய்மூடி நிற்பதை வகுப்பறையில் நாள்தோறும் காண்கின்றோம். விடைகளைக் குறிப்பேட்டிற் பெற்றுத் திரும்ப எழுதும் கல்வி எம் பிள்ளைகளைச் சோதனை மண்டபம் வரையே கொண்டுசெல்லும்; அதற்கப்பால் அவர்களைக் கைவிடும்.

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என அஞ்சுவோர்க்கும் ஒன்று கூறுவோம். 1988இல் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டரான ஆனந்த், சென்னை லயோலாக் கல்லூரியில் வணிகவியற் பட்டமும் பெற்றவரே.

ஆதலின் வாரத்தில் ஒரு மணிநேரம் ஒதுக்கி, நல்லதோர் ஆட்டத்தைப் பலகையில் நிகழ்த்தி, ஒவ்வொரு நகர்விலும் 'ஏன்?' என்று மாணவரை வினவும் வழக்கம் கல்லூரிகளில் வேரூன்றல் வேண்டும். தாம் தோற்ற ஆட்டங்களையும் அவர்கள் எழுதிவைத்து ஆராய்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா; சில பலகைகளும் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் போதும். பலகைகளைப் பழைய மாணவர் உதவுவாராக. அந்த ஒரு மணிநேரத்தைப் பெற்றோர் விட்டுக்கொடுப்பாராக.