மின்பெருவழி

அணைநீரை வயலுக்குக் கொணர்வது வாய்க்கால். மின்னிலையத்தில் பிறக்கும் ஆற்றலை ஊர்களுக்குக் கொணர்வன, நெடிய கோபுரங்கள் தாங்கி நிற்கும் உயரழுத்த மின்கம்பிகள். வாய்க்காலில் நீர் கசிதல் போலக் கம்பியிலும் ஆற்றல் வீணாவதுண்டு. மின்னோட்டம் செல்லுங்கால் கம்பி தன் தடையினால் சூடேறுகின்றது, அச்சூடே இழப்பாகும். மின்னோட்டம் இருமடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். பத்தில் ஒன்றாகக் குறையின் இழப்பு நூறில் ஒன்றாகும்.

ஆயின், மின்னோட்டத்தைக் குறைத்தும் அதே அளவு ஆற்றலை அனுப்புவது எங்ஙனம்? அழுத்தத்தை உயர்த்துவதே அதற்கு வழி. 11,000 வோல்ட் அழுத்தத்தில் பிறந்த மின்சாரத்தை மின்மாற்றியானது 1,10,000 வோல்ட்டாக உயர்த்துமாயின், மின்னோட்டம் பத்தில் ஒன்றாகிவிடும். ஊரை அடைந்தபின் வேறு மின்மாற்றிகள் அழுத்தத்தைப் படிப்படியாகத் தாழ்த்தி, 230 வோல்ட்டாக இல்லங்களுக்கு வழங்குகின்றன. சத்தீசுகர் மாநிலத்து ராய்கரிலிருந்து தமிழ்நாட்டுப் புகளூர் வரை ஏறத்தாழ 1,765 கிலோமீட்டர் செல்லும் மின்வழி, 8,00,000 வோல்ட் அழுத்தத்தில் 6,000 மெகாவாட் ஆற்றலைக் கொணர வல்லது.

இத்துணை அழுத்தமுள்ள மின்சாரம், அருகில் வரும் பொருள்மீது காற்றினூடேயும் தாவும். ஆதலின் கம்பிகளை உயரத்தில், காப்புச் சரங்களில் தொங்கவிடுகின்றனர். அவற்றின் கீழ்த் தென்னை முதலிய நெடுமரங்களை வளர்த்தலும் வீடு கட்டுதலும் ஆகா. நிலம் உழவருடையதாகவே இருக்கும். அதன் பயனில் ஒரு பகுதியோ அவரை விட்டு நீங்கிவிடும்.

நடுவண் அரசு 2015ஆம் ஆண்டு வகுத்த நெறிமுறை, கோபுரம் நிற்கும் இடத்திற்கு நிலமதிப்பில் 85 விழுக்காட்டை இழப்பீடாகக் கூறிற்று. 2024ஆம் ஆண்டின் நெறிமுறை அதனை நிலமதிப்பின் இருமடங்காக உயர்த்தியது. இது போற்றத்தக்கதே. எனினும், நெறிமுறை ஏட்டளவில் நின்றால் உழவருக்குப் பயன் யாது? கோபுரம் எழுமுன்னரே உரிய தொகை அவர் கையை அடைதல் வேண்டும் என்பது என் துணிபு.

அதனால் மின்கட்டணம் உயரும் என்பர் சிலர். சிறிது உயரினும் அதனை நாம் அனைவரும் பகிர்ந்து கொள்ளலாம். பலர் பெறும் ஒளிக்குச் சிலர் மட்டும் விலை கொடுப்பது அறமன்று.

மாணவர்காள்! கம்பியில் வீணாகும் ஆற்றலைக் கணக்கிடக் கற்கின்றீர்கள். கம்பியின் கீழ் வாழ்வோர் இழப்பையும் உடன் எண்ணிப் பார்த்தல் உங்கள் கடனாகும்.