முதலில் மனிதர் வாசிக்கட்டும்

நிரல் மதிப்பாய்வுப் பக்கங்களில் பாட்கள் இடும் குறிப்புகளை மடித்துவைக்கும் உலாவி நீட்சிகளைப் பலரும் ஒரு சிறு வசதியாகவே கருதுகின்றனர். பக்கம் சுத்தமாகத் தெரிகிறது, அவ்வளவுதான் என்பது அவர்கள் எண்ணம். ஆனால், மதிப்பாய்வாளர் எதை முதலில் வாசிக்கிறார் என்பதையே இந்நீட்சிகள் மாற்றுகின்றன. ஆய்வுலகம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

கிட்ஹப்பில் ஒரு மாணவர் பன்னிரண்டு வரி மாற்றத்துக்காகப் புல் ரெக்வெஸ்ட் ஒன்றைத் திறக்கிறார் என்று கொள்வோம். வழிகாட்டி அதைப் பார்ப்பதற்குள் கோட்கவ் சோதனைப் பரவல் அட்டவணையை இட்டிருக்கும். கோட்ரேபிட் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி மாற்றத்தின் சுருக்கத்தையும் வரிவரியாக யோசனைகளையும் எழுதியிருக்கும். இவற்றுள் சில மிகச் சரியானவை. ஆயினும், மாறியின் பெயர் பொருத்தமில்லை என்னும் குறிப்பும், பூச்சியத்தால் வகுக்க நேரிடலாம் என்னும் குறிப்பும் ஒரே தொனியில், ஒரே அளவு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இதனினும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சுருக்கத்தை முதலில் வாசித்துவிட்டவர் நிரலை அச்சுருக்கத்தின் வழியாகவே பார்க்கத் தொடங்குகிறார். பாட் சுட்டாத வரிகளைப் பெரும்பாலும் மேலோட்டமாகக் கடந்துவிடுகிறார். இரண்டாவது வாசிப்பு நடந்ததாகப் பதிவாகிறது. உண்மையில் நடந்தது முதல் வாசிப்புக்கான ஒப்புதல் மட்டுமே.

இச்சிக்கலின் வேரைக் கொல்கத்தா நெடுநாள் முன்பே கண்டிருக்கிறது. 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அங்கே நிறுவிய மகலனோபிஸ், வங்காளத்தின் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பின் மூலம் மதிப்பிட முனைந்தபோது, களப்பணியாளரின் பிழையை எப்படி அறிவது என்னும் கேள்வியை எதிர்கொண்டார். ஒரே பரப்பிலிருந்து தனித்தனியே எடுக்கப்பட்ட துணை மாதிரிகளை வெவ்வேறு குழுக்களிடம் ஒப்படைத்து, முடிவுகளை ஒப்பிடுவது அவர் வகுத்த வழி. ஒரு குழுவின் ஏட்டைப் பார்த்து மற்றொரு குழு எழுதியிருந்தால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இருந்திராது. சணல் வயலுக்கும் சி நிரலுக்கும் தொலைவு அதிகம்தான். ஆனால் இரண்டு சான்றுகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இரண்டுக்கும் பொது.

நிரல் மதிப்பாய்வின் வரலாறும் இதையே சொல்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976-இல் வெளியிட்ட முறையில், கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் தனியே அமர்ந்து நிரலைப் படித்து வர வேண்டும் என்பது ஒரு தனிக் கட்டம். இன்றைய பக்கவடிவமைப்பு அக்கட்டத்தைச் சத்தமின்றி விழுங்கிவிட்டது.

எந்தக் குறிப்பு பயனுள்ளது என்பதைக் கருவியே தீர்மானித்து வடிகட்டினால் போதாதா என்று கேட்கலாம். 2022 டிசம்பரில் கொல்கத்தாவில் கூடிய ‘ஃபயர்’ என்னும் தகவல் மீட்டெடுப்பு மதிப்பீட்டு மன்றத்தில் இதை ஒட்டிய போட்டி ஒன்று இடம்பெற்றது. சி நிரல்களுக்குள் எழுதப்பட்ட கருத்துரைகளைப் பயனுள்ளவை, பயனற்றவை என இரண்டாக வகைப்படுத்துவது அதன் பணி. அவை மதிப்பாய்வுக் குறிப்புகள் அல்ல. எனினும் ஒரு பாடம் பொருந்தும்: கருத்துரையை மட்டும் பார்த்து அதன் பயனைச் சொல்லிவிட முடியாது, அது சுட்டும் நிரலையும் சேர்த்தே பார்த்தாக வேண்டும். ஆகவே பயனை அளந்து மறைக்கும் நீட்சியைவிட, எழுதியது பாட் என்பதை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் மடித்துவைக்கும் எளிய நீட்சியே நம்பத்தக்கது. அது தீர்ப்பு எதையும் வழங்குவதில்லை. வாசிப்பின் வரிசையை மட்டும் மாற்றுகிறது.

எளிமைக்கும் எல்லைகள் உண்டு. கிட்ஹப்பில் பாட் கணக்குகளுக்கு அடையாளச் சின்னம் இருப்பதால் அவற்றைக் கண்டறிவது கடினமன்று. ஆனால் ஒரு மனிதரின் அணுகல் டோக்கனைக் கொண்டு இயங்கும் தானியங்கி அவர் பெயரிலேயே பேசும். நீட்சி அதை மனிதக் குரலாகவே எடுத்துக்கொள்ளும். மின்னஞ்சலில் வந்து குவியும் அறிவிப்புகளையும் நீட்சியால் தொட முடியாது. நீட்சியை நிறுவியவரின் திரையில் மட்டுமே அமைதி நிலவும். களஞ்சியத்தை நடத்துவோர் எழுத்துப்பிழை, இடைவெளி போன்ற முறைப்பாடுகளை உரையாடலுக்குள் கொண்டுவராமல் சோதனை முடிவுகளின் பகுதியிலேயே நிறுத்திவிட்டால் பாதி நெரிசல் தோன்றவே தோன்றாது. அந்தப் பொறுப்பைப் பயனரின் உலாவி சுமப்பது நியாயமன்று.

கடவுச்சொல் நிரலில் அப்படியே கிடக்கிறது என்று பாட் எச்சரித்து, அது மடிப்புக்குள் புதைந்துபோனால் என்ன ஆகும் என்போர் உள்ளனர். இந்த அச்சம் தள்ளத்தக்கதன்று. மடித்த இடத்தில் எத்தனை குறிப்புகள் உள்ளன என்ற எண்ணிக்கை கண்ணில் பட வேண்டும். அவற்றைத் திறந்து பார்க்காமல் ஒப்புதல் தரலாகாது என்பது குழுவின் விதியாக இருக்க வேண்டும். மகலனோபிஸின் முறையிலும் இரண்டு ஏடுகளும் இறுதியில் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும்.

இதைச் சோதிக்கப் பல்கலைக்கழக ஆய்வகங்களே ஏற்ற இடம். ஒரு பருவத்தில் மாணவர்களில் பாதிப்பேர் மடித்த பக்கத்திலும் மீதிப்பேர் திறந்த பக்கத்திலும் ஒரே நிரலை மதிப்பாய்வு செய்யட்டும். அதில் முன்கூட்டியே இடப்பட்ட பிழைகளுள், பாட் தவறவிட்டவற்றை எந்தப் பாதி அதிகம் கண்டுபிடிக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஓர் உலாவி நீட்சியும் ஒரு விரிதாளுமே போதும்.